திஹோமிரின் விரத விருந்து

எங்கள் கட்டடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு மொச்சை வேகும் வாசனை வந்தால் அன்று திங்கட்கிழமை. மூன்றாம் மாடியில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில், திஹோமிர் அடுப்பைப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். காலை ஏழு மணி வரைதான் மின்சாரம் மலிவு. ஏழுக்குள் மொச்சை வெந்துவிட வேண்டும். வேகாவிட்டால் பானையை இறக்கி, துறைமுகத்தில் வேலை பார்த்தபோது போட்டிருந்த பஞ்சுக் கோட்டால் சுற்றி, பொத்தான்களையும் போட்டு, நாற்காலியில் உட்காரவைப்பார். மிச்சத்தை அது தன் சூட்டிலேயே வெந்துகொள்ளும். பத்து மணிக்குப் போனால் சமையலறையில் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். நான் இரண்டு முறை அந்தப் பானைக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

திஹோமிருக்கு அறுபத்தொன்பது வயது. டான்யூப் கரையில் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. மனைவி இருந்தவரை அவருக்குச் சமையலறையில் தெரிந்த ஒரே பொருள் நாற்காலி. இப்போது அதே சமையலறையில் அவர் செய்வதைப் பார்த்தால், கிரேன் ஓட்டியதுகூட இதற்கான பயிற்சிதானோ என்று தோன்றும். எதையும் அவசரமாகத் தூக்குவதில்லை, எதையும் கீழே போடுவதில்லை.

திங்கட்கிழமை மொச்சை சூப். செவ்வாய்க்கிழமை அதே மொச்சையை வடித்து, அதன் எடைக்கு எடை வெங்காயம் வதக்கிச் சேர்த்து, மண்சட்டியில் வைத்துச் சுடுவார். அதில் மிஞ்சுவது புதன்கிழமை பூண்டோடு மசிந்து ரொட்டியின் மேல் ஏறும். வியாழக்கிழமை கோழி வரும். கோழி என்றால் அதன் முதுகும் இறக்கையும். கடைக்காரர் அதை நாய்க்கு என்று போட்டு வைப்பார், திஹோமிரும் நாய்க்கு என்றே கேட்டு வாங்குவார், அவரிடம் நாய் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். காய்ந்துபோன ரொட்டி வெந்நீரில் ஊறிக் காலை உணவாகும், வாரத்தில் ஒரு நாள் அதோடு ஒரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ளங்கை அளவு பன்றி இறைச்சி. உள்ளங்கை என்றால் அவருடைய உள்ளங்கை இல்லை, என்னுடையது. அவர் கை பெரிது.

சனிக்கிழமை சந்தைக்குப் பகல் ஒரு மணிக்குப் போவார், வியாபாரிகள் மூட்டை கட்டுகிற நேரம். பேரம் பேச மாட்டார். முட்டைக்கோஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார்.

“மழை வரும்போல இருக்கு” என்பார், யாரிடமும் இல்லாமல்.

“யோவ், சும்மா வானத்தைக் காட்டி மிரட்டாதய்யா. இந்தா, மிச்சமிருக்கற ரெண்டு கோஸையும் எடுத்துட்டுப் போ. போன வாரமும் இதைத்தான் சொன்னே, ஒரு துளி விழலை” என்பாள் வண்டிக்காரி.

பென்ஷன் மாதத்தில் இரண்டு பாதியாக வரும்: பத்தாம் தேதி ஒன்று, இருபத்தைந்தாம் தேதி ஒன்று. மொத்தமாகக் கொடுத்தால் நாங்கள் தின்று தீர்த்துவிடுவோம் என்று அரசாங்கம் நினைக்கிறது. திஹோமிர் விஷயத்தில் அந்தப் பயம் வீண். ஆனால் மனிதர் வாடி வதங்கி இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். கன்னம் சிவந்திருக்கும், சாப்பிட்டு முடித்தபின் ஐந்து நிமிடம் ஜன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்தபடி பல் குத்துவார், அந்த ஐந்து நிமிடத்தில் அவரைவிடத் திருப்தியான ஆளை இந்தக் கரையில் நான் பார்த்ததில்லை. தேவாலயத்துக்கு வருடத்தில் ஒரு முறை போவார். ஆனால் இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாத நாட்களைக் கணக்கெடுத்தால் எங்கள் தெருவில் அவரைப்போல விரதம் இருப்பவர் இல்லை. காரணம் கடவுள் இல்லை, பென்ஷன்.

இப்படிப்பட்ட மனிதர் வருடத்தில் ஒரு நாள் வள்ளலாகிவிடுவார். அது அவருடைய ஸ்லாவா, வீட்டுப் புனிதரின் நாள். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது; திஹோமிருக்கு வந்தவர் புனித திமித்ரி, நவம்பர் எட்டு. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை. போன வருடம் வந்தவர் இந்த வருடமும் வருவார், கூடவே இன்னொருவரும் வருவார். கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். இருபது பேர், சில வருடம் இருபத்தைந்து. தட்டு காலியாக விடக்கூடாது. இருபத்தைந்தாம் தேதி வந்த பாதி கரைந்து, பத்தாம் தேதிப் பாதி இன்னும் வராத இடைவெளியில் எட்டாம் தேதி வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் அரசாங்கமும் புனித திமித்ரியும் ஒருவரை ஒருவர் கலந்தாலோசிப்பதில்லை.

அதனால் திஹோமிர் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுவார். மிளகாய் மலிந்த வாரத்தில் மூட்டையாக வாங்கிச் சுட்டுத் தோலுரித்துப் பாட்டிலில் அடைப்பார். துறைமுகச் சாலையில் யாருக்கும் சொந்தமில்லாத வாதுமைக் கொட்டை மரம் ஒன்று இருக்கிறது. காற்று அடித்த மறுநாள் பை எடுத்துக்கொண்டு உலாவப் போவார். அக்டோபரில் நிலவறைப் பீப்பாயில் முட்டைக்கோஸ் உப்பு நீரில் புளிக்கத் தொடங்கும். கடைசியாக, இருபத்தைந்தாம் தேதி வந்த பாதியில் பெரும்பகுதியைக் கொடுத்து ஒரு முழுப் பன்றித் தோளும், கொத்திய இறைச்சியும், புகைபோட்ட விலா எலும்பும் வாங்குவார். மீதிக் காசில் எட்டாம் தேதி வரை உயிர் வாழ்வார்.

இந்த வருடமும் எல்லாம் அப்படியே நடந்தது. ஒன்றே ஒன்று தவறியது. அதற்கும் காரணம் சிக்கனம்தான். எங்கள் வீடுகளில் சமையலறைச் சுவரில் தேவாலய நாட்காட்டி தொங்கும். எந்த நாள் விரதம், எந்த நாள் மீன், எந்த நாள் எண்ணெய் என்று அதில் இருக்கும். திஹோமிர் இந்த வருடம் புதியது வாங்கவில்லை. “புனிதருங்க தேதி மாத்திக்கறதில்ல. மாறறது கிழமைதான். அதுக்கு ஒண்ணு கூட்டிக்கிட்டாப் போச்சு” என்று ஜனவரியில் என்னிடம் பெருமையாகச் சொன்னார். போன வருட நாட்காட்டியில் வியாழன் என்று இருந்தால் இந்த வருடம் வெள்ளி, வெள்ளி என்றால் விரதம். பத்து மாதம் எல்லாவற்றுக்கும் சரியாக ஒன்று கூட்டினார். தன் புனிதருக்கு மட்டும் கூட்டவில்லை. நவம்பர் எட்டின் கட்டத்தில் விரதக் குறி இல்லை, அவர் பார்த்ததும் அவ்வளவுதான்.

நவம்பர் ஐந்து, செவ்வாய்க்கிழமை. அன்று நான் அவர் வீட்டில் இருந்தது தற்செயல் என்று சொல்ல மாட்டேன். கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டிய அறுபது சுருள்கள் விலா எலும்பு மெத்தையின் மேல் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தன. மூன்று நாள் முன்னதாகவே வேகவைத்தால்தான் ருசி ஏறும் என்பது அவர் மனைவியின் சட்டம். அந்த வாசனை வரும்போது எதிர்வீட்டில் இருந்துகொண்டு படித்த வாத்தியாராக நடிக்க என்னால் முடியவில்லை.

பதினொரு மணிக்குப் பாதிரியார் யெலிசியே வந்தார். ஸ்லாவாவுக்கு முன் வீடு வீடாக வந்து நீரை ஆசீர்வதித்துவிட்டுப் போவார். அந்த நீரில்தான் ஸ்லாவா ரொட்டிக்கு மாவு பிசைவது. துளசிக் கொத்தைத் தண்ணீரில் தோய்த்து நான்கு மூலையிலும் தெளித்தார், என் மூக்குக்கண்ணாடியிலும் தெளித்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

“என்னப்பா திஹோமிர், யாருக்கு இது?”

“ஸ்லாவாவுக்குத்தான் ஃபாதர். ஒண்ணு எடுத்துக்கங்க.”

“எடுத்துக்குவேன், இன்னைக்குச் செவ்வாய்தானே. ஆனா வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்யப்போறே?”

“வெள்ளிக்கிழமைக்குத்தான் இது.”

பாதிரியார் சுருளை வாயில் போட்டுக்கொண்டுவிட்டதால் உடனே பேச முடியவில்லை. மென்று முடிக்கும்வரை நாங்கள் அவர் தாடி அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“வெள்ளிக்கிழமை விரதமாச்சே. இறைச்சி, பால், முட்டை ஆகாது. மீன் ஆகும்.” தாடியைத் துடைத்துக்கொண்டார். “சுருள் பிரமாதம்.”

திஹோமிர் சுவரில் இருந்த நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தார். விரலை எடுத்து எட்டாம் தேதிமேல் வைத்தார். உதடு அசைந்தது, ஒன்று கூட்டினார்.

பாதிரியார் போனபின் நாங்கள் இருவரும் மேசையில் உட்கார்ந்தோம். அடுப்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

“பேசாம இதையே வச்சிருங்க. ஊர்ல பாதிப் பேர் வெள்ளிக்கிழமை பன்றி சுட்டு வைக்கிறாங்க. யார் வந்து பாக்கப் போறா?” என்றேன்.

“அவங்க வீட்டுப் புனிதர் வேற.”

“அதே திமித்ரிதான்.”

“அவங்க வேற” என்றார். “வாத்தியாரே, நான் வருஷம் பூரா மொச்சை திங்கறேன். ஒரு நாளு ஒழுங்கா செய்யணும்னு. அந்த ஒரு நாளையும் தப்பா செஞ்சா, நான் வருஷம் பூரா எதுக்கு மொச்சை தின்னேன்?”

வேறு வழிகளைச் சொல்லிப் பார்த்தேன். நான் கொஞ்சம் பணம் தருகிறேன் என்றேன். “கடன் வாங்கி ஸ்லாவா வைக்கிறவன் புனிதருக்கு வைக்கல, கடன் குடுத்தவனுக்கு வைக்கிறான்” என்று முடித்துவிட்டார். பர்ஸைத் திறந்து பார்த்தார். அதில் ஒரு கெண்டை மீனின் தலையை வாங்கலாம், உடலை வாங்க முடியாது. மொச்சை இருக்கிறது, கோஸ் இருக்கிறது, சுட்ட மிளகாய் இருக்கிறது, கொட்டை இருக்கிறது. ஆனால் விரத ஸ்லாவாவில் மீன் இல்லாத மேசை மேசையே இல்லை. வந்தவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஸ்லாவா வரை அதைத்தான் பேசுவார்கள்.

மீன் எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் கூரையை நிமிர்ந்து பார்த்தோம். ஐந்தாம் மாடியில் ஓப்ராத் இருக்கிறார். முன்னாள் தபால்காரர், இந்நாள் தூண்டில்காரர். தினமும் ஆற்றுக்குப் போவார், பிடித்ததையெல்லாம் சவப்பெட்டி அளவு உறைபெட்டியில் அடுக்குவார். பதினோரு வருடமாகப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் ஒரு மீனை நீட்டுவார். பதினோரு வருடமாகத் திஹோமிர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். “முப்பத்திரண்டு வருஷம் மேலேருந்து பாத்தவன் நான். அந்த ஆத்துல என்னென்ன விழுந்துதுன்னு எனக்குத் தெரியும். உன் மீனுக்குத் தெரியாது, பாவம், தின்னுருச்சு.” இதைக் கடையில் சொல்வார், பஸ்ஸில் சொல்வார், சென்ற ஸ்லாவாவில் இருபது பேர் முன்னால் ஓப்ராத்தை வைத்துக்கொண்டே சொன்னார். ஓப்ராத்தும் விடவில்லை, இவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார். “தண்ணிக்கு மேலேயே முப்பது வருஷம் உக்காந்திருந்து மீன் திங்காத கொக்கை எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

ஐந்தாம் மாடிக்கு நாற்பது படிகள். திஹோமிர் ஒரு தட்டில் ஆறு சுருளை வைத்துத் துணியால் மூடி எடுத்துக்கொண்டார். துணைக்கு என்னையும் எடுத்துக்கொண்டார். நாலாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். அவருக்கு மூச்சு வாங்கும் பழக்கம் இல்லை.

கதவைத் திறந்தது ஓப்ராத்தின் மனைவி ஸ்தமேனா.

“அட, திஹோமிர் அண்ணே! வாத்தியாரும் வந்திருக்கார்! என்னாச்சு, தண்ணிக் குழாய் வெடிச்சிருச்சா?”

உள்ளே மேசையில் தூண்டில் முட்களைப் பரப்பிவைத்திருந்த ஓப்ராத் தலை நிமிரவில்லை. “கொக்கு அஞ்சாவது மாடிக்குப் பறந்து வந்திருக்கே. வானிலை மோசம்போல.”

திஹோமிர் உண்மையிலேயே வானிலையைப் பற்றிப் பேசினார். பிறகு லிஃப்ட் பழுதைப் பற்றி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஸ்தமேனா காப்பியை வைத்துவிட்டுத் தட்டின் துணியைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“இறைச்சியா?”

“பாதிப் பன்னி, பாதி மாடு. அடியில விலா எலும்பு.”

அவள் முட்கரண்டி தேடவில்லை. நின்றபடியே ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள், கண்ணை மூடிக்கொண்டு. “இந்த வீட்டுல” என்று தொடங்கி, விழுங்கிவிட்டு, “இந்த வீட்டுல இறைச்சி வாசனை வந்து எத்தனை நாளாச்சு. திங்கள் மீன், செவ்வாய் மீன், மீன் சலிச்சுப்போச்சுன்னா மீன் சூப்பு.”

“ஞாயித்துக்கிழமை கோழி சாப்பிட்டோமே” என்றார் ஓப்ராத்.

“அது உங்க அக்கா வீட்டுல. போன ஞாயித்துக்கிழமை இல்ல, ஈஸ்டருக்கு.”

இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று திஹோமிருக்குத் தெரிந்தது. எழுந்து நின்றார். நாட்காட்டி, வெள்ளிக்கிழமை, பாதிரியார் எல்லாவற்றையும் சொன்னார். “தோள் ஒண்ணு முழுசா இருக்கு. அறுபது சுருள், இப்ப அம்பத்து மூணு. எடுத்துக்கங்க. உங்க ஸ்லாவா இருபத்தொண்ணு, வியாழக்கிழமை, இறைச்சி நாளு. எனக்கு மீன் வேணும்.”

ஓப்ராத் முட்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். ரொம்ப நேரம் போட்டார்.

“நான் மீனை மாத்திக்கறதும் இல்ல, விக்கறதும் இல்ல.”

“ஓப்ராத்!” என்றாள் ஸ்தமேனா.

“சும்மாதான் தருவேன். பதினோரு வருஷமா சும்மாதான் நீட்டறேன். வேணும்னா வாங்கிட்டுப் போகட்டும்.”

“சும்மா வாங்க மாட்டேன்” என்றார் திஹோமிர்.

“அப்ப வாங்காதே.”

“வாங்கல.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் கொடுக்கத் தயார், ஒருவர் வாங்கத் தயார், நடுவில் ஒரே தடை இருவருடைய பெருந்தன்மை. நான் படித்த வரலாற்றில் பல போர்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்குத் தொடங்கியிருக்கின்றன. ஸ்தமேனா இரண்டாவது சுருளை முடித்துக் கையைத் துடைத்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் கௌரவத்தைப் பத்திரமா வச்சுக்கங்க. ஓப்ராத், நீ மீனைச் சும்மா குடு. அண்ணே, நீங்க சுருளைச் சும்மா குடுங்க. ரெண்டும் சும்மாதான். எனக்கு இருபத்தொண்ணாந்தேதி அறுபது சுருள் சுருட்டற வேலை மிச்சம். இப்ப யாராவது இடைஞ்சல் பண்ணீங்கன்னா நான் எங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன், ஸ்லாவாவை நீங்களே ரெண்டு பேரும் சேர்ந்து சுருட்டுங்க.”

பத்து நிமிடத்தில் நாங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். என் கையில் கட்டை மாதிரி உறைந்த இரண்டு கெண்டை, திஹோமிர் தோளில் ஒரு கெளுத்தியின் நடுத்துண்டு, ஒரு பை நிறையச் சின்ன மீன்கள். அவர் முகம் தோற்றவர் முகமாகவும் இல்லை, ஜெயித்தவர் முகமாகவும் இல்லை.

ஆனால் இனிமேல்தான் சிக்கல். திஹோமிர் வாழ்க்கையில் மீன் சமைத்ததில்லை. ஓப்ராத்திடம் கேட்பதற்கு அவர் நாக்கு எழவில்லை. அதனால் புதனும் வியாழனும் நான் ஐந்தாம் மாடிக்கு ஏறி இறங்கினேன்.

“வாத்தியாரே, நீங்களா கேக்கற மாதிரி கேளுங்க. செதிலை எந்தப் பக்கமா சுரண்டணும்?”

மேலே ஓப்ராத் சொன்னார்: “உங்களுக்குச் சொல்றேன் வாத்தியாரே, உங்களுக்குத்தான். வாலுலேருந்து தலைக்கு. அப்பறம் நீங்க யார்கிட்ட வேணா சொல்லிக்கங்க.”

மறுபடி ஏறினேன்: தலையைச் சூப்பில் போடலாமா? போடலாம், செவுளை எடுத்துவிட்டு. மறுபடி ஏறினேன்: கிளறலாமா? ஓப்ராத் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். “கிளறவா? மீன் சூப்பைக் கிளறவா? பாத்திரத்தை ஆட்டணும்னு சொல்லுங்க அந்தக் கொக்குகிட்ட! உங்ககிட்ட சொல்றேன், வாத்தியாரே.”

இருபது பேருக்கு இரண்டு கெண்டை போதாது. அங்கேதான் திஹோமிரின் ஆறு வருடப் படிப்பு உதவியது. தலை, வால், கெளுத்தித் துண்டு, சின்ன மீன் எல்லாம் சூப்புக்குப் போயின. ஒரு கூடை வெங்காயமும் சிவப்பு மிளகாய்த் தூளும் சேர்ந்து அது பெரிய பாத்திரத்தில் கல்யாணச் சூப்பு மாதிரி நின்றது. கெண்டையை விரல் அகலத்துக்கு நறுக்கி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் பரப்பிய தட்டில் அடுக்கிச் சுட்டார். ஒரு மீன் நான்கு தட்டு ஆனது. கோஸ் இலையில் இந்த முறை அரிசியும் வாதுமைக் கொட்டையும். சுட்ட மிளகாயில் பூண்டு. மண்சட்டி இரண்டில் மொச்சை. வியாழக்கிழமை மாலை அடுக்கிவைத்ததைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. மீனைத் தவிர அந்த மேசையில் இருந்ததெல்லாம் அவர் வருடம் முழுக்கச் சாப்பிடுவதுதான். விரதச் சமையலில் இந்த ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. யாரும் அவரை அப்படி ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை, அவர் உட்பட.

வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டியை வெட்டி, சிவப்பு ஒயின் ஊற்றி, கதவைத் திறந்துவைத்தார். ஒரு மணியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாசலிலேயே சர்க்கரையும் கொட்டையும் சேர்த்து வேகவைத்த கோதுமையை ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, கையில் இருந்த காப்பிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். அந்தப் பொட்டலங்களில் பாதி அவருடைய குளிர்காலக் காப்பி, மீதி அவர் மற்ற வீட்டு ஸ்லாவாக்களுக்குக் கொண்டுபோவது. மூலை கிழிந்து ஒட்டுப்போட்ட ஒரு பொட்டலம் மூன்று வருடமாக எங்கள் தெருவைச் சுற்றி வருகிறது. போன மாதம் என் வீட்டில் இருந்தது.

ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக்கூடாது. புனிதரின் நாளில் அவர்தான் பரிமாறுகிறவர்; கடைசி விருந்தாளி போகும்வரை நிற்க வேண்டும். திஹோமிர் நின்றார், நடந்தார், ஊற்றினார். மேசையின் தலைமாட்டில் சரியே என்ற பெயருள்ளவர் உட்கார்ந்திருந்தார், திஹோமிரின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர். எங்களிடையே அந்த உறவுக்குக் கூம் என்று பெயர். கூடப் பிறந்தவனைவிட அதிக மரியாதை, அதைவிட அதிகமாகக் குறை சொல்லும் உரிமை.

“கூமே, இன்னும் மொச்சை இருக்கா?” என்றார் சரியே மூன்றாவது முறை.

“சட்டி காலி, கூமே.”

“என்னய்யா ஸ்லாவா இது, மொச்சையே பத்தல! இத்தனை வருஷம் பன்னித் தோளைப் போட்டு எங்களை ஏமாத்தியிருக்கே. சரி, மீனைக் கொண்டா.” ஒரு துண்டைச் சாப்பிட்டார். புருவம் ஏறியது. “எங்க மீன் இது?”

போன வருடம் அதே அறையில் அதே நாற்காலிகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும். ஆற்றைப் பற்றித் திஹோமிர் என்ன சொன்னார் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓப்ராத் ரொட்டியைப் பிய்த்தபடி யாரையும் பார்க்கவில்லை. கடையில் வாங்கினேன் என்று திஹோமிர் சொல்லியிருக்கலாம். ஓப்ராத் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்; அதுதான் அவர் கொடுத்ததன் அழகு.

“ஓப்ராத் பிடிச்சது” என்றார் திஹோமிர். “நம்ம ஆறு.”

“நம்ம ஆறா? நீதானேய்யா அதுல...”

“ஆறு ரொம்ப நீளம், கூமே. இது மேல்பக்கத்து மீனா இருக்கும்.”

“கீழ்ப்பக்கம்தான்” என்றார் ஓப்ராத். “உன் கிரேனுக்கு நேர் கீழே.”

அறை வெடித்துச் சிரித்தது. சரியேவுக்குப் புரையேறி, அவர் முதுகில் நாலு பேர் தட்ட வேண்டியதாயிற்று. திஹோமிர் காது வரை சிவந்தார். ஆனால் ஒயின் கூஜாவை எடுத்துக்கொண்டு நேராக ஓப்ராத்திடம் போய், கோப்பை நிரம்பி வழியும்வரை ஊற்றினார். அவர் எதையும் வழியவிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

ஐந்து மணிக்கெல்லாம் கூட்டம் கலைந்தது. ஸ்தமேனா தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள். சூப்புப் பாத்திரத்தின் அடி தெரிந்தது. தட்டில் ஒரே ஒரு கெண்டைத் துண்டு. அறையில் திஹோமிர் நின்றிருந்தார், நான் என் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன், ஓப்ராத் உட்கார்ந்திருந்தார்.

“போகலையா?” என்றார் திஹோமிர்.

“நீ சாப்பிடலையே.”

“கடைசி விருந்தாளி போனப்பறம்தான் நான் உக்காரணும்.”

“நீ சாப்பிட்டப்பறம்தான் நான் போவேன்.”

இதற்குத் தீர்வு நம் முன்னோர் எதையும் விட்டுச் செல்லவில்லை. திஹோமிர் ஓப்ராத்தைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், சுவரில் இருந்த புனிதரின் படத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை; வயிறு சத்தம் போட்டது, அறையில் மூன்று பேருக்கும் கேட்டது. பிறகு நின்றபடியே துண்டைக் கையில் எடுத்தார். முள்ளைத் தேடித் தேடி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். முதலில் மெதுவாக மென்றார். அப்புறம் அவ்வளவு மெதுவாக இல்லை. தோலையும் விடவில்லை. தட்டில் கிடந்த உருளைக்கிழங்கால் எண்ணெயைத் துடைத்துத் தின்றார்.

ஓப்ராத் காத்திருந்தார்.

திஹோமிர் விரலை நக்கினார். குறை ஒன்று கண்டுபிடித்தாக வேண்டும் என்று முகத்தில் தெரிந்தது. முழு நேர்மையோடு தேடினார்.

“உப்பு கம்மி” என்றார்.

“உப்பு போட்டது நீ” என்றார் ஓப்ராத், எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் திரும்பினார். “அடுத்த வெள்ளிக்கிழமை சரியா போடு. ஒரு கெளுத்தி இருக்கு, தலையோட.”

அவர் படியேறும் சத்தம் ஓயும்வரை, நானும் கோட்டோடு வாசலுக்கு வெளியே வரும்வரை, திஹோமிர் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்றைக்கு முதல் முறையாக உட்கார்ந்தார்.